‘60 நாள் குட்டி’ என்றால் முதலில் பல்லைப் பாருங்கள்

“சார், 60 நாள் ஆச்சு. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. பாத்ரூம் பழக்கம்கூட பண்ணிட்டோம், அப்படியே தூக்கிட்டுப் போகலாம்.” லேப், கோல்டன், பீகிள் என்று எந்த இன நாய்க்குட்டி கேட்டாலும் புரோக்கர்கள் பலர் சொல்வது இதுதான். நம்பிப் பணம் கொடுத்தவர்கள் பலருக்குக் கையில் வருவது 35, 40 நாள் குட்டி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வாந்தி, ரத்தக் கழிச்சல். அதில் தப்பிப் பிழைத்தாலும், வீட்டில் ஒருவர் கை கால் பாக்கியில்லாமல் கடி.

தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து விற்றால் தீனி, குடற்புழு மருந்து, ஊசிச் செலவு எல்லாம் மிச்சம். அதனால்தான் இந்த அவசரம். 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள்.

வயதைப் பல் காட்டிக்கொடுத்துவிடும். குட்டியை மடியில் வைத்து, உதட்டைக் கன்னப் பக்கம் மெல்ல விலக்கிப் பாருங்கள். ஐந்து வாரக் குட்டிக்கு முன்பற்களும் கோரைப் பற்களும் வந்திருக்கும். கடைவாய்ப் பக்கம் ஈறு மழமழவென்று இருக்கும், இல்லையென்றால் பல் அப்போதுதான் முளை விட்டிருக்கும். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் வந்துவிடும். ‘இந்த இனத்துக்குப் பல் லேட்டாதான் வரும்’ என்பார்கள். பொம்மை போன்ற மிகச் சிறு இனங்களில் சற்றுத் தாமதமாகலாம்; லேப் குட்டிக்கு அந்தச் சாக்கு செல்லாது. உப்பிய வயிற்றைப் பார்த்து ‘கொழுகொழு’ என்று மயங்க வேண்டாம். விலா எலும்பு தெரிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் பெரும்பாலும் புழு.

அடுத்து ஊசி அட்டை. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள் போடுவது. அடுத்ததற்கு மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுவது வழக்கம். அப்படியானால் 60 நாளில் ‘ரெண்டும் போட்டாச்சு’ என்றாலே கணக்கு உதைக்கிறது. 30 நாளில் போட்டிருந்தாலும், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் மருந்தை வேலை செய்யவிடாது. ஏமாந்தவர்கள் கொண்டுவரும் அட்டைகளைப் பார்த்தால் ஒரே சாயல்: எல்லாத் தேதியும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் லேபிள் இல்லை, அல்லது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியாதபடி கிழிந்திருக்கும். மருத்துவர் முத்திரையில் பதிவு எண் இருக்காது. அந்த மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டாலே விஷயம் வெளுத்துவிடும்.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். முலைக்காம்பு தொங்கும் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் கண்முன் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ‘அம்மா ஊர்ல இருக்கு, குட்டியை பஸ் ஸ்டாண்டுல கொடுக்கறோம்’ என்பவருக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். விற்பவர் தரும் ‘மூணு நாள் கேரண்டி’யிலும் சூது இருக்கிறது: வாந்தியும் ரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ கிருமி உள்ளே போய் அறிகுறி காட்டவே பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும்.

கடிக்கு வருவோம். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது. 35 நாளில் பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. வீட்டார்தான் கற்றுத்தர வேண்டும். பல் பட்ட நொடியே விளையாட்டை நிறுத்தி, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு 15, 20 விநாடி நில்லுங்கள். பிறகு கையைக் கொடுக்காமல் பொம்மையைக் கொடுங்கள். தாத்தா முதல் குழந்தை வரை எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கையைக் கடிக்கவிட்டால் மற்றவர் உழைப்பு வீண். மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது இரண்டும் வேண்டாம். கையைக் கண்டாலே பயந்து கடிக்கும் நாயாகிவிடும். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கக் களைப்புதான். குட்டி நாளுக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும்.

பழகிய வீட்டில் ஊசி முடித்த சாதுவான பெரிய நாய் இருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதோடு சிறிது நேரம் விளையாடவிடுங்கள். நாம் ஒரு வாரம் பாடுபட்டுச் சொல்வதை அது ஒரு உறுமலில் புரியவைத்துவிடும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் கணிக்கும் வயதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். கழிச்சல் தொடங்கினால் பார்வோ பரிசோதனை முடிவை வைத்திருங்கள்; இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் மட்டும் போய்க் குட்டியே வரவில்லையென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

சண்டை முற்றினால் விற்றவர் ‘மாத்துக் குட்டி தர்றோம்’ என்று இறங்கி வருவார். உடனே வாங்காதீர்கள். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலை நம்ப முடியாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி திரவ பிளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். தோட்டத்து மண்ணில் இதுவும் எடுபடாது. அந்த வீட்டுக்கு அடுத்து வரும் குட்டி, 16 வாரம் கடந்து ஊசி வரிசை முழுக்க முடித்ததாக இருக்கட்டும்.