அகலப் பார்வையா, ஒருமுகப் பார்வையா?

சிங்கப்பூரின் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றால், விளக்கு வெளிச்சத்தை மீறி நாலைந்து விண்மீன்களே தெரிகின்றன; சூரியனல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களான புறக்கோள்களைத் தேட, தொலைவில் ஆளின்றி இயங்கும் தொலைநோக்கிகளே நமக்குக் கதி. ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நிறுவப்பட்ட சூப்பர்வாஸ்ப் தொலைநோக்கித் தொகுதி, ஒவ்வோர் இடத்திலும் எட்டு கேமராக்களில் 200 மில்லிமீட்டர் கேனான் லென்சுகளைப் பொருத்தி, வானத்தை அகலமாகத் துழாவியது. விண்மீனின் முன்னே கடக்கும்போது அதன் ஒளியை ஏறத்தாழ 1 விழுக்காடு மறைக்கும் பெரிய வாயுக்கோள்களே அதில் அதிகம் சிக்கின.

எண்ணிக்கையில் அது முந்தினாலும், என் தேர்வு சிலியின் லா சில்லாவில் 2010இல் தொடங்கிய டிராப்பிஸ்ட் தொலைநோக்கி. அதன் ஆடி வெறும் 60 சென்டிமீட்டர். ஆனால் ஒவ்வொரு விண்மீனாக விடாமல் நோக்குகிறது. அது தேர்ந்தெடுத்த ஒரு குறு விண்மீன் ஏறக்குறைய வியாழன் அளவே என்பதால், பூமியையொத்த சிறு கோளும் ஒளியைச் சுமார் 0.7 விழுக்காடு குறைத்தது. 2016இல் மூன்று கோள்கள் அறிவிக்கப்பட்டன. மறுஆண்டு, ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியும் கைகொடுக்க, எண்ணிக்கை ஏழானது.