525 மடங்கு என்று எழுதிய பெட்டி: ஒரு 70 மி.மீ. தொலைநோக்கியின் மதிப்புரை

2025 நவம்பரில், ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து, இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். 70 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட லென்ஸ் வகைக் கருவி அது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய இதே குழாய் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு வண்ணம் பூசி விற்கப்படுவதால் எழுதிப் பெரிய பயனும் இல்லை. பெட்டி வந்த மறுநாள் தொடங்கிய மழை ஒன்பது நாட்கள் விடவில்லை. ஆகவே கருவியைப் பார்ப்பதற்கு முன் பெட்டியை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது.

பெட்டியின் முகப்பில் கட்டைவிரல் உயரத்தில் ‘525 மடங்கு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நெபுலா (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம்), அகன்ற வளையத்துடன் சனி, சுருள் கைகள் பளிச்சென்று தெரியும் ஒரு விண்மீன் மண்டலம். கருவியின் விட்டம் 70 மி.மீ. என்ற செய்தி பெட்டியின் பக்கவாட்டில், பட்டைக்கோட்டுக்குக் கீழே இருந்தது. மூன்று மாதங்கள் மொட்டை மாடியில் பயன்படுத்திய பிறகு என் கருத்து இதுதான்: குழாயும் லென்ஸும் கொடுத்த காசுக்கு நியாயமானவை. பெட்டிதான் மோசமானது. வானத்தைப் பற்றி நம்மில் பலர் ஏற்கெனவே தவறாக நம்பிக்கொண்டிருப்பவற்றைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே அந்தப் பெட்டி நமக்குத் திருப்பி விற்கிறது.

முதலில் அந்த 525. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை, நாம் கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸான ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். உடன் வந்த 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70, 4 மி.மீ. போட்டால் 175. இதற்கு மேல், ஐபீஸ் தரும் பெருக்கத்தை இன்னும் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். 175ஐ மூன்றால் பெருக்கினால் 525 வந்துவிடுகிறது. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுண்மையாகக் காட்டும் என்பதை முடிவு செய்வது அதன் முன் லென்ஸின் விட்டமே. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது நல்ல வானிலைக்குரிய நடைமுறை எல்லை. அதன்படி இந்தக் கருவிக்கு 140 மடங்குதான் உச்சம். அதற்கு மேல் போவது, கைப்பேசியில் எடுத்த மங்கலான படத்தை விரலால் விரித்துக்கொண்டே போவதற்குச் சமம். நானும் ஆசைக்கு ஒருமுறை 525ஐப் போட்டுப் பார்த்தேன். வியாழன் இருக்க வேண்டிய இடத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் ஏதோ ஒன்று நடுங்கியபடி வந்து, குவியத்தைச் சரிசெய்ய நான் திருகைத் தொடுவதற்குள் பார்வையை விட்டு ஓடிவிட்டது. பூமியின் சுழற்சியும் அதே அளவு பெருக்கப்படும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியை ‘2.34 மீட்டர்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அதன் பெருமை விட்டத்தில் இருக்கிறது. எத்தனை மடங்கு என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்களைக் கண்ட கருவிகூட ஏறத்தாழ 20 மடங்குதான் பெருக்கியது. என்னுடைய 28 மடங்கு ஐபீஸில் அந்த நான்கு துணைக்கோள்களும் கோடு பிடித்தாற்போல் தெரிந்தன. 70 மடங்கில் வியாழனின் மேல் இரண்டு பழுப்புப் பட்டைகள் இருப்பதையும் காண முடிந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே கருவிக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

உருப்பெருக்கம் பற்றிய இதே குழப்பம்தான், ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் வாட்ஸாப்பில் உலா வரும் ‘செவ்வாய் நிலவைப் போல் பெரிதாகத் தெரியப்போகிறது’ என்ற செய்திக்கும் மூலம். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அதுவே மிக நெருக்கம். 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று அப்போது எழுதப்பட்டது சரியான செய்தியே. அனுப்பி அனுப்பித் தேய்ந்ததில் தொலைநோக்கி கழன்று விழுந்து, நிலவு மட்டும் மிஞ்சியது. நான் கருவி வாங்கிய மாதங்களில் செவ்வாய் சூரியனுக்குப் பின்பக்கம் போய்விட்டதால் சோதிக்க வாய்ப்பில்லை; 2027 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்.

விற்பனைத் தளத்தில் இந்தக் கருவிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளையும் படித்தேன். ‘நட்சத்திரங்கள் இதில் பார்த்தாலும் புள்ளியாகவே தெரிகின்றன, ஏமாற்று’ என்பது அவற்றில் அடிக்கடி வரும் குறை. இந்த ஒரு வழக்கில் நான் கருவியின் பக்கம். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் கூட்டமான ஆல்ஃபா சென்டாரியே நான்கு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தொலைவில் இருப்பதை இந்த விலையில் மட்டுமல்ல, இதைப்போல் நூறு மடங்கு விலையுள்ள கருவியில் கண் வைத்துப் பார்த்தாலும் புள்ளியாகத்தான் காண முடியும். விண்மீன் வட்டத் தட்டாகத் தெரிந்தால் குவியம் சரியில்லை என்று பொருள். தொலைநோக்கி விண்மீன்களைப் பெரிதாக்குவதில்லை, எண்ணிக்கையைக் கூட்டுகிறது. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் 28 மடங்கு ஐபீஸில் பல டஜன் விண்மீன்களாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்த என் மனைவி, ‘உப்பைக் கொட்டி வைத்தாற்போல் இருக்கிறது’ என்றார். நெபுலாவைப் பொறுத்தவரை பெட்டியின் குற்றம் பெரிது. ஓரியனின் வாளில் உள்ள நெபுலா இதில் சாம்பல் நிற மூச்சுப்படலமாகத் தெரியும், அதுவும் தெருவிளக்கு மறையும் மூலையிலிருந்து பார்த்தால். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் திறன் போய்விடுகிறது. பெட்டியிலுள்ள இளஞ்சிவப்பு, நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்த கேமராவின் நிறம்.

நிலாவுக்கு வருவோம். பௌர்ணமி அன்று தொலைநோக்கியை எடுப்பதே பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, நானும் அப்படித்தான் செய்தேன். கண் கூசியதுதான் மிச்சம். வெயில் நேர்மேலாக விழும் பௌர்ணமி நிலவில் நிழலே இல்லாததால் மலையும் பள்ளமும் தட்டையாகிவிடுகின்றன. வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் மேல் கருவியைத் திருப்பினால், ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலால் வெட்டியெடுத்தாற்போல் எழுந்து நிற்கிறது.

அப்படி ஓர் இரவில் பக்கத்து வீட்டுப் பையன், ஏழாம் வகுப்பு படிப்பவன், விக்ரம் தரையிறங்கு கலனைக் காட்டச் சொன்னான். ‘அது நிலாவோட இருண்ட பக்கத்துல இருக்கு, தெரியாதுடா’ என்று அவன் அண்ணன் குறுக்கிட்டான். இருவருக்கும் தவறு, ஆனால் தவறு வெவ்வேறு. சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 அன்று, தென் அகலக்கோடு 69 பாகைக்கு அருகில், நமக்குத் தெரியும் பக்கத்திலேதான். நிலவுக்கு நிரந்தரமாக இருண்ட பக்கம் என்று ஒன்று கிடையாது; நம்மால் பார்க்க முடியாத மறுபக்கத்திலும் நம் பக்கத்தைப் போலவே ஏறக்குறைய இரண்டு வாரம் பகலும் இரண்டு வாரம் இரவும் வரும். சீனாவின் சாங்’ஏ-4 கலன் அந்த மறுபக்கத்தில் 2019 ஜனவரியில் இறங்கியது. விக்ரம் தெரியாததற்குக் காரணம் வேறு: என் 70 மி.மீ. கருவியால் நிலவில் சுமார் 3 கிலோமீட்டருக்குக் குறைவானதைப் பிரித்துக் காட்ட முடியாது. 2.4 மீட்டர் விட்டமுள்ள ஹபிள் தொலைநோக்கிக்கே அந்த எல்லை ஏறத்தாழ 90 மீட்டர். அப்பல்லோ கொடியோ விக்ரமோ அதற்கும் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. நிலவை அருகிலிருந்து சுற்றிவரும் கலங்களே அவற்றைப் படம் எடுத்திருக்கின்றன. பையன் ஏமாற்றத்துடன்தான் ஐபீஸில் கண் வைத்தான், ஆனால் அதன் பிறகு பத்து நிமிடம் யாருக்கும் இடம் விடவில்லை.

சனியைக் காட்டுவதில் நேர்ந்த சிக்கல் வேறு வகை. கீழ் வீட்டுப் பாட்டி மாடிக்கு வந்து, நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்டார். சனி என்றதும் இரண்டடி பின்னால் நகர்ந்து, ‘அதுல பார்த்தா அது நம்மள இன்னும் கிட்டத்துல பார்க்காதாப்பா?’ என்றார். ஒளியியல்படி அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. சனியின் ஒளி 100 கோடி கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலான பழசாகத்தான் நம்மை வந்து சேர்கிறது என்று சொல்லி அழைத்துப் பார்த்தேன். கடைசியில் கைகூப்பிக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்தார். அங்கே பெட்டியிலிருந்த அகன்ற வளையம் இல்லை. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராகப் பூமியை நோக்கியிருந்தது. நவம்பரிலும் அது ஏறக்குறைய அப்படியே இருந்ததால், ஊசி கோத்த மணியைப் போல ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. இது பழுதன்று. 13 முதல் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கும். 1612இல் வளையம் காணாமல் போனதைப் பார்த்துக் கலிலியோவே திகைத்தார். இதற்காக யாரும் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வரும் ஆண்டுகளில் வளையம் மெல்ல விரியும்.

பெட்டி சொல்லாமல் விட்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நம் திருமணங்களில் பெரும்பாலும் காலை வெயிலில், மண்டபத்துக்கு வெளியே அழைத்து வந்து அருந்ததியைக் காட்டுவார்கள். மணமக்களும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் வடகிழக்கே எழுந்த சப்தரிஷி மண்டலத்தில், வசிஷ்டரையும் அருந்ததியையும் 28 மடங்கில் ஒரே பார்வையில் பிடித்தேன். 70 மடங்குக்கு மாற்றியபோது வசிஷ்டர் தனியாக இல்லை. அவரே ஒட்டி நிற்கும் இரண்டு விண்மீன்களாகப் பிரிந்தார். லென்ஸ் தரமானது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

கருவியுடன் வந்தவற்றில் ஒன்றை மட்டும் குறை என்று சொல்லி நிறுத்த முடியாது, ஆபத்து என்றே சொல்ல வேண்டும். ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும்படி, ‘சூரியன்’ என்று எழுதிய ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லையை வைத்திருக்கிறார்கள். இருட்டில் முழுதாக விரிந்த கண்மணியைவிட 70 மி.மீ. லென்ஸ் நூறு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. அந்த வெப்பம் முழுவதும் இந்தச் சிறு வில்லையின் பக்கத்தில் குவிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்துவிடலாம். கிரகணத்தன்று மட்டும்தான் சூரியன் கண்ணுக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சூரியனை எந்த நாளும் நேராகப் பார்க்கக் கூடாது. பார்க்க விரும்புபவர்கள் குழாயின் முன்புறத்தை முழுவதும் மூடும், அதற்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியை வாங்க வேண்டும். எனக்கு வந்த வில்லையைச் சுத்தியலால் உடைத்துவிட்டேன். விற்பனையாளருக்கு எழுதியதற்கு, ‘525 மடங்கு வசதியையும் முயன்று பாருங்கள்’ என்ற பதில் மட்டும் வந்தது.

முக்காலி மெலிந்தது. மூச்சு விட்டாலே ஆடும் அதன் நடுவில், இரண்டு கிலோ மணல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட்ட பிறகு பாதி ஆட்டம் அடங்கியது. இலக்கைப் பிடிக்க உதவும் ஃபைண்டர் பெயருக்கு இருக்கிறது. 4 மி.மீ. ஐபீஸும் பார்லோவும் அன்று பெட்டிக்குள் போனவை இன்னும் வெளியே வரவில்லை. 25, 10 இரண்டும் போதும். லென்ஸுக்கு ஐந்தில் நான்கு, முக்காலிக்கு ஒன்றரை, பெட்டிக்குப் பூச்சியம். இதே விலையில் வேறு கருவி வாங்க நினைப்பவர்கள் மடங்கு எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு விட்டம் எவ்வளவு என்று தேடட்டும்; விட்டத்தை எங்குமே எழுதாத பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடலாம்.