பானை வடிவப் பொங்கல் வாழ்த்து: மடிப்பு அட்டையா, பாப்-அப் அட்டையா?

சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டைகளைச் சாலையோரக் கடைகளில் தேடித்தேடி வாங்கிய காலம் போய், பொங்கல் வாழ்த்து இன்று பெரும்பாலும் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. இந்நிலையில் ஒருவர் கத்தரிக்கோலும் பசையுமாக உட்காருகிறார் என்றால், கடையில் கிடைக்காத ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருக்கும். செவ்வக அட்டையை விட்டுப் பானை உருவத்தைத் தேர்ந்தெடுப்பவர் முன் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: அட்டையையே பானையாக வெட்டுவது ஒன்று, திறக்கும்போது உள்ளிருந்து பானை எழுந்து நிற்கும்படி செய்வது மற்றொன்று. செவ்வக அட்டையின் மேல் பானையை வெட்டி ஒட்டும் மூன்றாவது வழி சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. அதில் அலசுவதற்கு அதிகம் இல்லை.

முதல் வழியில் எல்லாமே மடிப்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. புத்தகம் திறப்பதுபோல் இடப்பக்கம் மடிப்பை வைப்பதே பலரின் வழக்கம். ஆனால் அப்படி வைத்தால் பானையின் புடைத்த வயிறு அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். வளைவைக் காப்பாற்ற முயன்றாலோ, இரு தாள்களையும் பிடித்துக்கொண்டிருப்பது விரற்கடை அளவு மடிப்பாகச் சுருங்கி, சில முறை திறந்து மூடியதுமே கிழியத் தொடங்கும். மாறாக, மடிப்பை மேலே, பானையின் வாய் விளிம்பில் வைத்துப் பாருங்கள். வாய் விளிம்பு இயல்பாகவே நேர்கோடு என்பதால் 6 சென்டிமீட்டருக்குக் குறையாத பிடிமானம் கிடைக்கிறது. பொங்கி வழியும் நுரையை வெள்ளைத் தாளில் தனியாக வெட்டி, பாதி மேலே துருத்திக்கொண்டிருக்க, முன்தாளில் மட்டும் ஒட்டினால் மடிப்பே கண்ணில் படாது. அடிப்பாகத்தைச் சற்றுத் தட்டையாக வெட்டினால் அட்டை தானாக மேசைமேல் நிற்கவும் செய்யும். இதே உத்தி தீபாவளிக்கு அகல் விளக்குக்கும் பொருந்தும்: விளிம்பில் மடிப்பு, அதற்கு மேல் சுடர். கரும்பை மட்டும் இப்படி வெட்ட வேண்டாம். மெல்லிய தோகைகள் உறைக்குள்ளேயே மடங்கிப்போகும்.

பாப்-அப் அட்டையின் கவர்ச்சி வேறு. திறந்ததும் பானை எழும் அந்த நொடிக்கு முதல் வகையில் ஈடு இல்லை. ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும். ஏ4 தாளில் பாதியை எடுத்து நடுவில் மடித்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். மடிப்பிலிருந்து உள்நோக்கி, 2 சென்டிமீட்டர் இடைவெளியில், 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு இணையான வெட்டுகள் போட்டு, இடையிலுள்ள பட்டையை உள்பக்கம் தள்ளினால் ஒரு சிறு படி உருவாகும். அந்தப் படியின் முன்முகத்தில்தான் பானையை ஒட்ட வேண்டும். பசை ஒரு துளி தரைத்தாளில், அதாவது திறந்து வைக்கும்போது கீழே கிடக்கும் பாதியில், பட்டாலும் அட்டை திறக்காது. மூடும்போது பானை 3 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்து படுப்பதால், அதன் உயரம் 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மூடிய அட்டைக்கு வெளியே நுரை எட்டிப்பார்த்து, ஆச்சரியம் முன்கூட்டியே அம்பலமாகிவிடும். வெட்டிய இடத்தில் பின்பக்கம் ஓட்டை தெரியும் என்பதால் வெளியட்டை ஒன்றும் தேவைப்படுகிறது.

அந்த வெளியட்டைதான் தபால் செலவைக் கூட்டுகிறது. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டையில் முழு ஏ4 தாள் ஏறக்குறைய 15.6 கிராம் இருக்கும். மடிப்புப் பானைக்குப் பாதித் தாள் போதும் என்பதால், உறையோடு சேர்த்தும் கடிதத்துக்கான முதல் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். பாப்-அப் அட்டைக்கு உள்தாளும் வெளியட்டையும் அதே கனத்தில் எடுத்தால், பானையும் உறையும் சேர்ந்து அந்த வரம்பைத் தொட்டுவிடும். கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கலாம். உறைமேல் முத்திரை குத்தும் வேகத்தையும் மறந்துவிடக் கூடாது. சமிக்கியும் மணியும் ஒட்டிய அட்டை அந்த அடியைத் தாங்குவது கடினம். எனவே ஊருக்கெல்லாம் அனுப்பப் பத்து இருபது அட்டைகள் வேண்டுமென்றால் மடிப்புப் பானையே என் தேர்வு. பாட்டிக்கோ ஆசிரியருக்கோ நேரில் கொடுப்பதற்கு ஒன்று மட்டும் போதுமென்றால் பாப்-அப் செய்யுங்கள்.

எந்த வழியானாலும் மடிப்பதற்கு முன் தாளின் இழையோட்டத்தைப் பார்ப்பது நல்லது. தாளை இரு திசைகளிலும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கிலேயே மடிப்பை வைக்க வேண்டும். மை தீர்ந்த பேனா ரீஃபில் ஒன்றால் அடிகோல் வைத்து அழுத்திக் கோடிட்டு மடித்தால் கெட்டி அட்டைகூட வெடிக்காது.

எழுதும் இடத்திலும் வேறுபாடு உண்டு. மடிப்புப் பானையைத் தூக்கித் திறந்தால் உள்ளே பானை முழுவதும் எழுதலாம். பாப்-அப்பில் எழுந்து நிற்கும் பானை பின்சுவரை மறைத்துவிடுவதால், முன்னாலுள்ள தரைத்தாளில் நான்கைந்து வரிகளுக்கே இடம் இருக்கும்.