புதுப் பெயின்ட் அடித்த பழைய இன்ஜின்: ஆர்எக்ஸ்-7 வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

என்னிடம் இருப்பது மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் இரண்டாம் தலைமுறை. 1985-இல் அறிமுகமாகி, எஃப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரிசையில் வந்த டர்போ வண்டி. மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே அதைப் பிரித்துச் சீரமைத்து வருகிறேன். துருவேறிய தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தது, எலி கடித்த வயரிங்கை முழுவதுமாக மாற்றியது, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரை முன்புறம் பொருத்தியது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான பழைய ஈசியூவைக் கழற்றிவிட்டுப் பதிவு வசதியுள்ள வேறொன்றை வைத்தது எல்லாம் என் கையாலேயே நடந்தவை. இன்ஜினை மட்டும் தொடத் துணிவில்லாமல், ரோட்டரி வேலையையே தொழிலாகக் கொண்டிருப்பதாகச் சொன்ன ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே நான் எப்படி ஏமாற்றப்பட்டேன், எந்தெந்த இடத்தில் நானே அதற்கு வழிவிட்டேன் என்பதை, இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பணத் தகராறு இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த இன்ஜினில் ஏமாற்றுவது எளிது என்பதற்கு அதன் அமைப்பே காரணம். இந்த வண்டியின் 13பி ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, அவற்றைச் சுற்றி ரோட்டர் ஹவுசிங்குகள் இரண்டு, இருபுறமும் நடுவிலுமாக வார்ப்பிரும்புத் தட்டுகள் மூன்று என, ஐந்து அடுக்குகளை நீண்ட போல்ட்டுகள் ஊடுருவி இறுக்கிப் பிடித்திருக்கும். அடுக்கி இறுக்கிவிட்டால், உள்ளே இருப்பவை புதியனவா பழையனவா என்று வெளியிலிருந்து பார்த்து எளிதில் சொல்லிவிட முடியாது. அழுத்தத்தைக் காப்பவை ரோட்டர் முனைகளில் உள்ள 6 அபெக்ஸ் சீல்களும், மூலைகளில் உள்ள 12 கார்னர் சீல்களும், பக்கவாட்டில் உள்ள 12 சைடு சீல்களும். அபெக்ஸ் சீல்கள் உரசி ஓடும் ஹவுசிங் உட்பரப்பில் குரோமியப் பூச்சு உண்டு. அது உரிந்துவிட்ட ஹவுசிங்கில் எவ்வளவு உயர்ந்த சீல் போட்டாலும் நெடுநாள் தாங்காது. செலவில் பெரும்பங்கு ஹவுசிங்குக்குத்தான் போகும் என்பதால், கை வைப்பவர்களும் அங்கேதான் வைக்கிறார்கள்.

பேசிக்கொண்டது இதுதான்: இரண்டு ஹவுசிங்குகளும் புதிது, சீல்களும் ஸ்பிரிங்குகளும் முழுத் தொகுப்பாகப் புதிது, அத்துடன் ஸ்ட்ரீட் போர்ட்டிங், அதாவது காற்று நுழையும் துவாரங்களையும் புகை வெளியேறும் துவாரங்களையும் சற்றே அகலப்படுத்தும் வேலை. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். இன்ஜினை அனுப்புவதற்கு முந்தைய நாள் புகை வெளியேற்றும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கழன்றிருந்ததால், துவாரத்தை ஒட்டிக் கைபேசியை வைத்து உள்ளே சில படங்கள் எடுத்தேன். ஆதாரத்துக்காக எடுத்தவை அல்ல, வெறும் ஆர்வம்தான். பின் ஹவுசிங்கில் துவாரத்தின் மேல்விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு கீறல் அவற்றில் தெளிவாகப் பதிந்திருந்தது. எப்போதோ ஒரு சீல் உடைந்து, அதன் துண்டு வெளியேறும்போது இழுத்துவிட்டுப் போன தடம் அது.

எட்டு வாரம் என்றவர்கள் பதினொரு மாதம் இழுத்தார்கள். உதிரிபாகம் வரவில்லை, வந்தது தவறான பாகம், இயந்திரம் பழுது என்று மாதத்துக்கு ஒரு காரணம். அந்தக் கதையை விரித்துப் பயனில்லை. வேலை நடக்கும்போது படம் அனுப்பச் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இன்ஜின் வந்தபோது வெள்ளிநிறப் பெயின்ட்டில் கண்ணைப் பறித்தது. கூடவே ஒரு தாள்: முன் ரோட்டர் 8.1, பின் ரோட்டர் 8.1 என்று கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்த அளவு. மஸ்டா கொடுத்துள்ள கீழ்வரம்பு 6.0 என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், சதுர சென்டிமீட்டருக்கு 8.1 கிலோ என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்து மீதிப் பணத்தையும் அன்றே அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

வண்டியில் ஏற்றியபின் குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆனது. சூடேறிய பிறகு அணைத்தால், மறுபடி உயிர் வர அரை நிமிடம் சுற்ற வேண்டியிருந்தது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, வண்டி முழுவதும் குலுங்கியது. நாலைந்து நாளில், காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தது. கூலன்ட் டப்பாவில் மட்டம் தானாக ஏறியது. ரோட்டரியில் இவை சேர்ந்து வந்தால் நீர் சீல், அதாவது கூலன்ட் எரியும் அறைக்குள் கசியாமல் தடுக்கும் வளையம், போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பட்டறைக்குப் போன் செய்தபோது, புதுச் சீல்கள் ஹவுசிங்கோடு ஒட்டி ஓடிப் பழக வேண்டும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மெதுவாக ஓட்டினால் அழுத்தம் தானே ஏறும் என்றார்கள். இது முழுப்பொய் அல்ல என்பதுதான் இதில் உள்ள விஷமம். புதிதாக அடுக்கிய ரோட்டரிக்குப் பழகும் காலம் உண்மையிலேயே தேவை. ஆனால் கூலன்ட் டப்பா நிரம்புவது பழகப் பழகச் சரியாகும் குறை அல்ல. உத்தரவாதக் காலமோ மூன்றே மாதம்.

ஆகவே ரோட்டரிக்கென்றே செய்யப்பட்ட கம்ப்ரஷன் டெஸ்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி நானே அளந்தேன். முன் ரோட்டரின் மூன்று முகங்களும் 6.9, 6.7, 6.8, பின் ரோட்டர் 5.2, 6.6, 4.9. இவை சுழற்சி வேகத்தை நிமிடத்துக்கு 250-க்குச் சரிசெய்த அளவுகள். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இங்கே 1.7. அப்படியானால் அந்த 8.1 எங்கிருந்து வந்தது? சாதாரண பிஸ்டன் இன்ஜின் கேஜை ரோட்டரியில் மாட்டினால், காற்றைத் திரும்ப விடாத அதன் வால்வு மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துக்காட்டும். இரண்டு முகங்கள் செத்திருந்தாலும் மூன்றாவது நன்றாக இருந்தால் எண் அழகாக வரும். வலுவான பேட்டரி வைத்து வேகமாகச் சுற்றினால் அளவு இன்னும் ஏறும். பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டுச் சுற்றினால் மேலும் ஏறும். என் தாளில் முகவாரியான அளவும் இல்லை, சுழற்சி வேகமும் இல்லை. ரோட்டருக்கு ஓர் எண் என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இறக்கிப் பிரித்தேன். தொடத் துணியாத இன்ஜினைக் கோபம் தொட வைத்தது. பின் ஹவுசிங்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தபோது, எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல்விளிம்பில் அதே பிறை இருந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்படும் ஆழம். கைபேசிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீறலின் கீழ்நுனி இரண்டாகப் பிளந்திருந்த இடம்வரை பொருந்தியது. ஓரத்தில் குரோமியம் நகச்சுத்தி வந்த விரல்போல் உரிந்து அடியில் உள்ள உலோகம் தெரிந்தது. அபெக்ஸ் சீல்கள் மட்டும் புதியவை; அவற்றின் கீழிருந்த ஸ்பிரிங்குகள் வளைவு இழந்த பழையவை. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே புதிதாகப் பொருத்தும்போது 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் இடைவெளியை அளக்கும் 0.5 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு தடையின்றி உள்ளே போனது. நீர் சீல் பள்ளத்தில் சிலிக்கான் சீலன்ட் அப்பியிருந்தது. ஆயில் கசியாமலிருக்க ஹவுசிங்கின் அடிக்கால்களில் மெல்லியதாகச் சீலன்ட் இடுவது வழக்கம்தான். நீர் சீல் வளையத்தையே அதில் புதைப்பது, தட்டையாகிப்போன பழைய வளையத்தை மறுபடி போட்டு மறைக்கும் வேலை. போர்ட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனெனில் அப்படி ஒன்று நடக்கவேயில்லை. துவாரங்களின் விளிம்பில் தொழிற்சாலை வார்ப்பு அப்படியே இருந்தது.

படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது. பெரிய இன்டர்கூலரும் வேற்று ஈசியூவும் வைத்து, எரிபொருள் போதாமல் ஓட்டி நானே கெடுத்துவிட்டேனாம். வண்டியை மாற்றியமைத்தவர்கள்மீது இந்தப் பழியைப் போடுவது மிக எளிது, கேட்பவர்களும் நம்பிவிடுவார்கள். நல்லவேளையாக, அந்த வேற்று ஈசியூவே சாட்சி சொன்னது: ஓடியது மொத்தம் 38 கிலோமீட்டர், கூலன்ட் வெப்பம் 92 டிகிரியைத் தாண்டவில்லை, டர்போ அழுத்தம் ஒருமுறைகூட ஏறவில்லை. அதன் பிறகு அவர்களிடமிருந்து பதில் வருவதே அருகிவிட்டது. போர்ட்டிங்குக்கு வாங்கிய பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் இன்ஜினை வெளியே கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் எக்ஸாஸ்ட் துவாரத்தின் வழியே உட்பரப்பைப் படமெடுங்கள். ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் பெயின்ட்டுக்கு அடங்காத ஆழத்தில் ஓர் அடையாளம் குத்திவையுங்கள். மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தும், உடைந்த ஸ்பிரிங் வரை, திரும்பி வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பழையதைக் காட்ட முடியாதவர் புதியதைப் போட்டிருக்க மாட்டார் என்றே நான் இப்போது எடுத்துக்கொள்வேன். ஒவ்வோர் அடுக்கும் வைக்கப்படும்போது படம் கேளுங்கள். ஆறு முகங்களின் அளவும், சுழற்சி வேகமும், அளந்த கருவியும் தெரியாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடிக்காமலே அனுப்பச் சொல்வதும் நல்லது. கசிவு எங்கே என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வேறொரு உரிமையாளரிடம், நேரில் போய்ப் பார்த்து அளந்து, நல்ல நிலையில் இருந்த இரண்டு ஹவுசிங்குகளை வாங்கிவிட்டேன். இம்முறை நானே அடுக்குகிறேன்; ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவு 0.05 மில்லிமீட்டரில் நிற்கிறது, 0.04-க்கும் 0.07-க்கும் இடையில் இருந்தால் போதும். பழைய பின் ஹவுசிங்கைத் தூக்கிப் போடவில்லை. வெளியே வெள்ளிப் பெயின்ட்டும் உள்ளே பிறைக் கீறலுமாக, தகராறு முடியும்வரை அது கொட்டகை அலமாரியில் இருக்கும்.