பாம்போரில் குங்குமப்பூ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ காஷ்மீர் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்ரீநகரை அடுத்த பாம்போரில், நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், எனக்கும் என் தோழிக்கும் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு நாரைக் குங்குமப்பூ என்று விற்றுவிட்டார்கள். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வேறொன்றில். அதை நான் வாங்கியது கர்ப்பமாக இருக்கும் என் தங்கைக்காக. பாலில் போட்டுக் குடிக்கத்தானே நம் வீடுகளில் குங்குமப்பூ வாங்குகிறோம்? அந்தச் சாயம் என்ன சாயமோ, யாருக்குத் தெரியும்!

அன்றைய நாள் அவ்வளவு அழகாகத் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் காஷ்மீரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் கல்லூரி நாள் ஆசை. காலையில் தால் ஏரிக்கரையில் உள்ள நசீம் பாக் போனோம். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற முகலாயர் காலத் தோட்டம் அது. சினார் மரங்கள் செம்பும் சிவப்புமாக நிற்கின்றன, கீழே கணுக்கால் புதையச் சருகு. பெண்கள் அந்தச் சருகைக் கூட்டிக் குவித்து, குளிர்காலத்தில் காங்கிடி என்ற கணப்புச் சட்டியில் போடுவதற்காகக் கரியாக்குகிறார்கள். அவசரமே இல்லாமல் நடந்தோம். தள்ளுவண்டியில் தாமரைத் தண்டை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள், நத்ரு மோஞ்ஜி என்று பெயர், சூடாகச் சாப்பிட்டோம். புது அக்ரூட் கொஞ்சம் வாங்கினோம், நன்றாகவே இருந்தது.

மதியத்துக்கு மேல் ஓட்டுநர் எங்களைப் பாம்போருக்குக் கூட்டிப்போனார். வருஷத்தில் இரண்டு மூன்று வாரம்தான் அங்கே பூக்கும். ஊதாப் பூக்கள் தரையோடு தரையாக விரிந்திருக்க, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கூடையில் பறிக்கிறார்கள். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை. அதைக் கையால் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஒரு கிலோ சேர சுமார் 1,50,000 பூக்கள் வேண்டும், அதாவது ஒரு கிராமுக்கே 150 பூ. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வயலிலிருந்து நாங்கள் கேட்காமலே ஓட்டுநர் அந்தக் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, பாதாம் சீவிப் போட்ட காவா என்ற காஷ்மீர்த் தேநீர் கொடுத்தார். “சிஸ்டர், வாங்கவே வேண்டாம், குடித்துவிட்டுப் போங்கள்” என்றார். அப்புறம் ஒரு கண்ணாடி டப்பியிலிருந்து நான்கைந்து இழை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். நிறம் மெதுவாக இறங்கியது, தண்ணீர் பொன்மஞ்சளானது, இழை சிவப்பாகவே இருந்தது. கசப்பும் வாசனையும் சரியாக இருந்தன. அது நிஜமான குங்குமப்பூ, அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

ஏமாற்று நடந்தது அதற்குப் பிறகு. எங்களுக்குக் கொடுத்தது அந்த டப்பியிலிருந்து அல்ல. மேஜைக்கு அடியிலிருந்து, ஏற்கெனவே ஒட்டி மூடிய சின்னப் பெட்டிகளை எடுத்தார். “அதே சரக்குதான், விமானத்தில் ஈரம் படாமல் இருக்க இப்படிக் கட்டியிருக்கிறோம்” என்றார். கிராம் 200 ரூபாய், தரகர் இல்லாத வயல் விலையாம். 150 பூவைப் பறித்து, பிரித்து, காயவைத்த பொருளை அந்த விலைக்கு ஒரு விவசாயி கொடுத்தால் அவர் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? அந்தக் கணக்கில் கிலோ இரண்டு லட்சம்தான், நல்ல காஷ்மீர் குங்குமப்பூ அதைவிட அதிக விலைக்குப் போகிறது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனிநபரின் யூபிஐ கணக்குக்கு.

சென்னை வந்து பெட்டியைத் திறந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு இழை போட்டேன். போட்ட நொடியில் தண்ணீர் ரத்தச் சிவப்பு. ஐந்து நிமிடத்தில் இழை வெளுத்து வெள்ளை நாராகக் கிடந்தது. நாக்கில் வைத்தால் தித்திப்பு. தோழி வாங்கிய பெட்டிகளிலும் இதே கதை. கடைக்காரருக்குப் போன் செய்தோம். “உங்கள் ஊர் தண்ணீர் அப்படி” என்றார் முதலில். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. ஓட்டுநரோ தனக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்.

அங்கே போகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். கடைக்காரர் காட்டும் மாதிரியைச் சோதிக்காதீர்கள், நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் பெட்டியையே அவர் முன்னால் பிரித்துச் சோதியுங்கள். பிரிக்க விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், காவா குடித்தோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. நிஜ இழையின் ஒரு முனை எக்காளம்போல விரிந்திருக்கும், மறுமுனை மெலிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் அது மக்காச்சோள நாராகவோ வேறெதுவாகவோ இருக்கும். முழுச் சிவப்பு இழை மட்டும் இருப்பதை மோங்ரா என்பார்கள், மஞ்சள் காம்போடு சேர்ந்தது லச்சா. லச்சாவும் நல்ல சரக்குதான், ஆனால் மோங்ரா விலைக்கு அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஈரான் குங்குமப்பூவைக் காஷ்மீர் என்று சொல்லி விற்பதும் உண்டு. காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாம்போர் பக்கத்திலேயே துசு என்ற இடத்தில், தரம் பரிசோதித்துப் பிரிக்கும் அரசு குங்குமப்பூ மையம் இருக்கிறது. ஓட்டுநர் சொல்லும் கடைக்குப் போவதற்குமுன் அங்கே விசாரியுங்கள்.

வயலில் குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பங்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் உழைப்பின் பெயரைச் சொல்லித்தான் இந்த நாரை விற்கிறார்கள்.

யூபிஐ ரசீதையும் பெட்டியின் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். இந்தப் பருவத்தில் அங்கே இப்படிக் கட்டிய பெட்டி வாங்கி வந்தவர்கள், கர்ப்பிணிகளுக்கோ குழந்தைகளுக்கோ கொடுப்பதற்குமுன் இன்றே பச்சைத் தண்ணீரில் இரண்டு இழை போட்டுப் பார்த்துவிடுங்கள். சாயம் ஓடினால் பெட்டியைத் தூக்கி எறியாமல் அப்படியே வைத்திருங்கள், புகாருக்கு அது வேண்டும்.