கைமாறி வாசிக்கப்படும் கிப்சன் எஃப்-5

கிப்சன் இசைக்கருவி நிறுவனத்தின் லாய்ட் லோர் 1922 முதல் 1924 வரை கையெழுத்திட்ட எஃப்-5 மாண்டலின் கண்ணில் படுவதே அபூர்வம். விலை ஒரு வீட்டு விலை. இருந்தும் அமெரிக்காவின் புளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசை விழாக்களில் சொந்தக்காரர்கள் "வாசிச்சுப் பாருங்க" என்று அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவதுண்டு.

முதலில் அசத்துவது 'சாப்' என்ற தாள அடி. அடித்த கையோடு இடக்கை விரல்களைத் தளர்த்தினால், கட்டையைத் தட்டியது போல உலர்ந்த, கனமான ஒலி. புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் கருவியும் இதே ரகம்தான். அதில் 1923 ஜூலை 9 என்று தேதி இருக்கும். பழைய ஃப்ரெட்கள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மெல்லியவை, கழுத்தும் குறுகல். தடித்த விரல்காரர்கள் திணறுவார்கள்.

இரவல் வாங்கினால் பெல்ட் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், வார்னிஷ் கீறும். தந்தி மாற்றும்போது எட்டையும் ஒருசேரக் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. நகர்ந்துவிட்டால் கழுத்தில் மேல் ஸ்வரங்களுக்குப் போகப் போகச் சுருதி பிசகும். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அங்கேயே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஜோடி ஜோடியாக மாற்றினால் இந்தத் தலைவலியே இல்லை. வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்கவே கூடாது: விலங்குப் பசை இளகி மூட்டு வாய்பிளக்கும்.