புது மடிக்கணினியில் பழைய விண்டோஸ்: விடுமுறையில் ஒன்பது நாள்

கடந்த டிசம்பரில் மூன்று வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அதில் ஒன்பது நாள் அப்பாவின் புது மடிக்கணினியோடு போயிற்று. வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குக் கணினி வாங்கிச் செல்பவர்கள் என்னைப் போல் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்காவது இந்த ஒன்பது நாள் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற நூலகர். வீட்டிலிருக்கும் புத்தகங்களுக்கும், நண்பர்கள் அவரை நம்பி ஒப்படைத்த சேகரிப்புகளுக்கும் முப்பது ஆண்டுகளாக அட்டவணை வைத்திருக்கிறார். அது, விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளக் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் அவரே எழுதிய நிரல். அன்று அந்தத் திரையில் தமிழ் தட்ட வழியில்லாததால் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஏற்றியிருக்கிறார். அட்டைகளை வருடி வைக்க ஒரு பழைய ஸ்கேனரும் உண்டு. இரண்டும் அவருடைய விண்டோஸ் 7 மடிக்கணினியில் ஒழுங்காக ஓடின. அதன் தாய்ப்பலகை போனதும்தான் புதியது வாங்கிக்கொண்டு போனேன். விண்டோஸ் 11 ஹோம், 16 ஜிபி நினைவகம், வேகமான எஸ்எஸ்டி. நல்ல இயந்திரம்தான்.

முதல் மாலையே ஃபாக்ஸ்புரோ ஓட மறுத்தது. இந்தக் கணினியில் இந்த நிரல் இயங்காது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஸ்கேனரைச் செருகினால் அடையாளம் தெரியாத சாதனம் என்றது. அப்பா எதுவும் சொல்லாமல் ஒரு விரிதாளைத் திறந்து புதிதாக வந்த நூல்களை அதில் ஏற்றத் தொடங்கினார். மூன்றாம் நாள்தான் கேட்டார்: “பழைய 7-ஐயே இதில் போட்டுவிட முடியாதா அம்மா?”

தயாரிப்பு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எந்த நாட்டில் வாங்கியது என்று முதலில் கேட்டார்கள். அயல்நாட்டில் வாங்கிய கணினிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணினிக்குச் செல்லும் என்றார்கள். மூன்று பேர் கைமாறியபின் ஒருவர், இயங்குதளத்தை மாற்றுவது உத்தரவாதத்தில் வராது, நாங்கள் பரிந்துரைப்பதில்லை என்றார். சரியான பதில்தான். ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான்காம் நாள் அவர் வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். “7 போடணுமா, போட்டுவிடலாம் ஐயா” என்றிருக்கிறார். முக்கியமானது ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். புதுக் கணினிதானே என்ற நினைப்பில் அப்பா இல்லை என்றிருக்கிறார். விரிதாளில் ஏற்றிய 63 நூல்கள் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

அன்று நடந்ததை அந்தப் பழுதுபார்ப்பவரிடமே கேட்டு, பிறகு நானே படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். முதலில் அப்பாவிடமிருந்த 32 பிட் விண்டோஸ் 7 வட்டிலிருந்து பென்டிரைவ் தயாரித்துச் செருகியிருக்கிறார். 16, 32, 64 பிட் என்பது ஒரே முறையில் கையாளும் தரவின் அளவு. கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணினியை எழுப்பி விண்டோஸைத் தொடங்கிவைக்கும் உள்நிரல்தான் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ். இப்போதைய கணினிகளில் யுஇஎஃப்ஐ, அது 64 பிட். அதில் 32 பிட் விண்டோஸைத் தொடங்க வேண்டுமானால் பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும் ‘லெகசி’ முறை வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அது எடுக்கப்பட்டுவிட்டது. இதிலும் இல்லை.

அடுத்து 64 பிட் விண்டோஸ் 7. கையொப்பமிட்ட இயங்குதளங்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்ததும் தொடங்கியது, விண்டோஸ் சின்னம் வந்தது, அப்படியே உறைந்துவிட்டது. திரையை இயக்குவதற்கு 7 அதே பழைய பயாஸ் வசதியைத்தான் தேடுகிறது. அதைத் தாண்டியிருந்தாலும் வழி கிடையாது. 2009-இல் வெளிவந்த அதன் நிறுவுதளத்துக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது, என்விஎம்இ வகை எஸ்எஸ்டியும் தெரியாது. சாதனங்களை இயக்கும் சிறு நிரல்களான டிரைவர்களை நாமே அதற்குள் சேர்த்தாலொழிய விசைப்பலகையும் இல்லை, வட்டும் இல்லை என்று நிற்கும்.

இந்த இடத்திலாவது அவர் நிறுத்தியிருக்கலாம். “10 போட்டால் பழையது எல்லாம் ஓடும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விண்டோஸ் 10-ஐ எடுத்திருக்கிறார். அது வட்டே இல்லை என்றது. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல மடிக்கணினிகளில், வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாட்டின் பின்னால் எஸ்எஸ்டி இருக்கிறது. அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவில் வைத்து நிறுவலின்போது காட்டினால் வட்டு தெரியும். அவர் ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கத்துக்குள் (பேச்சுவழக்கில் இதையும் பயாஸ் என்பார்கள்) போய் விஎம்டியை அணைத்தார். வட்டு தெரிந்தது. தெரிந்ததும் அதிலிருந்த எல்லாப் பகுதிகளையும் அழித்தார். விண்டோஸைத் திரும்ப நிறுவுவதற்காக நிறுவனம் வைத்திருந்த ரிக்கவரி பகுதியும் அதில் போயிற்று.

நான் திரும்பியபோது விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை இல்லை. தொடுபலகையில் இரு விரல் அசைவுகள் இல்லை. விரல்ரேகை உணரி இல்லை. நிறுவனத்தின் தளத்தில் இந்த மாடலுக்கு 11-க்கான டிரைவர்கள் மட்டுமே இருந்தன. கைப்பேசியை யுஎஸ்பியில் இணைத்து அதன் வழியாக இணையம் எடுத்து இரவெல்லாம் முயன்றேன். வைஃபை வந்தது, மற்றவை வரவில்லை. இதற்கெல்லாம் மேல், ஃபாக்ஸ்புரோ ஓடவில்லை. ஸ்கேனரும் ஓடவில்லை. அத்தனை அழிவுக்குப் பிறகும் நாங்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றோம்.

அந்த இரவுதான் எனக்கே உறைத்தது. 7, 10, 11 என்று எல்லோரும் எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவின் சிக்கலுக்கும் அந்த எண்களுக்கும் அதிகத் தொடர்பில்லை. அவர் பயன்படுத்தியது 32 பிட் விண்டோஸ். டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் 32 பிட் விண்டோஸில் ஓடும், 64 பிட்டில் ஓடாது. அது 7 ஆனாலும் 10 ஆனாலும் ஒன்றுதான். ஸ்கேனருக்கும் அதே கதை: அதற்கு 32 பிட் டிரைவர் மட்டுமே வெளிவந்தது, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே கிடையாது. 10-க்கு உண்டு, ஆனால் இந்தக் கணினி அதைத் தொடங்காது. தொடங்கினாலும் 16 ஜிபி நினைவகத்தில் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. பழைய கணினியில் ஒரே ஒரு முறை ‘சிஸ்டம்’ பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவும் முதல் நாளே தெரிந்திருக்கும். வாங்குவதற்கு முன் நான் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

63 நூல்கள் திரும்பவில்லை. முன்பு ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்டுத் தந்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறோம். எஸ்எஸ்டி அப்படியல்ல. அழித்த இடங்களை அதுவே துடைத்துவிடுகிறது. போதாததற்கு இந்தக் கணினியில் முதல் நாளிலிருந்தே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டிவைக்கும் சாதனக் குறியாக்கம் செயல்பட்டுக்கொண்டிருந்தது. பகுதியை அழித்தபோது பூட்டோடு பெட்டியும் போயிற்று. அப்பா பரவாயில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஏழாம் நாள் கணினியைத் தூக்கிக்கொண்டு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கே போனோம். அங்கே இருந்த இளம்பெண், கணினியைத் திறக்கும் முன் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: “ஐயா, இதில் நீங்கள் என்ன வேலை செய்வீர்கள்?” ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அப்பா ஃபாக்ஸ்புரோவிலிருந்து தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

பிறகு என்னிடம் தெளிவாகச் சொன்னாள். “அக்கா, 11-ஐயே திரும்பப் போட்டுத் தருகிறேன். ஐயாவுக்கு வேண்டிய 7-ஐ அதற்குள் மெய்நிகர் கணினியாக, அதாவது ஒரு நிரலுக்குள் ஓடும் இன்னொரு கணினியாக, வைத்துக்கொள்ளுங்கள்.” விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, வீட்டுப் பயனர்கள் நீட்டிப்பில் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அதை நம்பிப் புதுக் கணினியைக் கொடுக்க வேண்டாம் என்றாள். உரிமத்தையும் விளக்கினாள். பழைய பதிப்புக்கு இறங்கும் உரிமை கணினியோடு வரும் ப்ரோ பதிப்புகளுக்குத்தான் உண்டு. 11 ப்ரோ வாங்கியவர் 10 ப்ரோவுக்கு இறங்கலாம். ஹோம் வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை. எங்களுடையது ஹோம். அதை அழித்து 10 போட்டவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வேலை அரை நாளில் முடிந்தது. தொடர் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் ரிக்கவரி படிமத்தை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினாள். விஎம்டியை மறுபடி இயக்கிவிட்டுத்தான் நிறுவலைத் தொடங்கினாள். நிறுவிய பிறகு மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாமாம். 11-இன் உரிமச் சாவி ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசியாகக் குறியாக்கத்தின் 48 இலக்க மீட்புச் சாவியை அப்பாவின் கையாலேயே ஒரு தாளில் எழுதவைத்தாள். அந்தப் பென்டிரைவையும் எங்களிடமே கொடுத்துவிட்டாள்.

மெய்நிகர் கணினியை வீட்டில் நானே அமைத்தேன். விர்ச்சுவல்பாக்ஸ் இலவச நிரல். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருந்தால் போதும். அப்பாவின் 32 பிட் விண்டோஸ் 7 தனியாகப் பெட்டியில் வாங்கியது என்பதால், பழைய கணினி போனபின் அதை இங்கே மாற்றிக்கொள்ள உரிமம் இடம் தருகிறது. கணினியோடு வந்த உரிமமாக இருந்திருந்தால் அந்தக் கணினியோடு போயிருக்கும். 2 ஜிபி நினைவகம் ஒதுக்கினேன். யுஎஸ்பி கட்டுப்படுத்தியை 2.0 ஆக வைத்தேன். 3.0 என்று வைத்தால் உள்ளே இருக்கும் 7-க்கு ஸ்கேனர் தெரியாது. உரிமத்தைச் செயல்படுத்தும் வேலை முடிந்ததும் மெய்நிகர் கணினியின் வலையமைப்பு அட்டையையே எடுத்துவிட்டேன். 2020 ஜனவரி 14-க்குப் பிறகு ஆதரவில்லாத இயங்குதளத்துக்கு இணையம் எதற்கு? கோப்புகள் போய்வர ஒரு பகிர்வுக் கோப்புறை இருக்கிறது. ஃபாக்ஸ்புரோவுக்கு மட்டும் என்றால், டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போதுமாக இருந்திருக்கும். ஸ்கேனருக்காகத்தான் முழு 7 தேவைப்பட்டது.

ஒன்பதாம் நாள் காலை ஃபாக்ஸ்புரோவின் அந்த நீலத் திரை வந்தது. அப்பா பழைய கணினியின் வட்டிலிருந்து எடுத்த அட்டவணையைத் திறந்து, ஒன்றும் பேசாமல் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஸ்கேனர் இரண்டாவது முயற்சியில் ஓடியது.

அன்று மதியம் இன்னொன்றும் செய்து பார்த்தோம். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் தரவுக் கோப்பை லிப்ரெஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் நிரல் நேரடியாகத் திறக்கிறது. முப்பது ஆண்டுப் பட்டியல் விண்டோஸ் 11-இலேயே, வரிசை குலையாமல் விரிந்தது. ஆங்கில எழுத்தில் இருந்த நூல் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு புதுப் பத்தியைச் சேர்த்து, முதல் பெயரைத் தமிழில் தட்டினார். தொலைந்த 63 நூல்களையும் அலமாரியிலிருந்து மறுபடி எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டார். நான் கிளம்பிய அன்று அகர வரிசையில் ‘இ’ வரை வந்திருந்தார்.